சவானா பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: காட்டை வெட்டியபின் மிஞ்சும் புல்தரைதானே சவானா?

பதில்: இல்லவே இல்லை. இந்த நினைப்பாலும் உலகில் பல சவானாக்கள் அழிகின்றன. தரையெங்கும் புல், இடைவெளி விட்டு மரங்கள், பல மாதம் மழையே இல்லாத வறண்ட காலம், இதுதான் அதன் இயல்பு. அந்தப் புற்களுக்கு நல்ல வெயில் வேண்டும், நிழல் மூடினால் செத்துவிடும்.

கேள்வி: மழை பெய்தும் ஏன் காடாக மாறுவதில்லை?

பதில்: பல இடங்களில் நெருப்பும் மேய்ச்சலும் மரக்கன்றுகளை வளர விடுவதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும். தான்சானியாவின் செரங்கெட்டியில் 1890களில் பரவிய வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) மாடுகளோடு, மான் போன்ற பெரிய விலங்கான வில்டபீஸ்ட் மந்தைகளையும் கொன்று குவித்தது. பிற்பாடு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டு 1960களில் நோய் அங்கிருந்து ஒழிந்தது, சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 12 லட்சத்தைத் தாண்டியது, அவை புல்லை மேய்ந்து தீர்க்க, எரிய ஒன்றும் மிஞ்சாமல் தீ குறைந்தது, மரக்கன்றுகள் பிழைத்து மரங்கள் கூடின. மாட்டுக்குப் போட்ட ஊசி மரம்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது!

கேள்வி: ஆப்பிரிக்காவுக்கு வெளியே?

பதில்: பிரேசிலின் செராடோ சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். தீயைத் தாங்கும் தடித்த பட்டை, முறுக்கிய கிளைகள், ஆழ வேர்கள். சோயாவுக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் ஏறக்குறைய பாதி போய்விட்டது. அமேசானுக்காக எழும் குரலில் கால்வாசிகூட இதற்கு எழுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வெனிசுவேலா, கொலம்பியாவில் உள்ள லானோஸ் மழைக்காலத்தில் வெள்ளக்காடு. வட ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் சவானா. அங்குள்ள பழங்குடிகள் வறண்ட காலத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு திட்டுகளாக எரித்துவிடுவார்கள், அப்புறம் வரும் பெருந்தீ பரவ வழி இருக்காது.

கேள்வி: இந்தியாவில் உண்டா?

பதில்: தக்காணத்தில் நிறைய. வெளிமான், ஓநாய், கானமயில் எல்லாம் அந்தத் திறந்தவெளியை நம்பியவை. அரசுப் பதிவேட்டிலோ அதில் பெரும்பகுதி வெறும் ‘தரிசு’.

கேள்வி: எங்கள் கல்லூரி சார்பில் அப்படியொரு புல்வெளியில் மரம் நடப்போகிறோம், சரியா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வெளிமான் தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பும் விலங்கு, மரம் அடர்ந்தால் அதற்கு வழியில்லை. சவானா சேமிக்கும் கார்பனில் பெரும்பங்கு வேரிலும் மண்ணிலும்தான் இருக்கிறது, குழி தோண்டினால் அதுவும் கலையும். காடு அழிந்த இடமாகப் பார்த்து, அந்த ஊர் மரங்களை நடுங்கள். எது எந்த இடம் என்று தெரியாவிட்டால் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.