எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது பொது நூலகம் எதற்கு?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும் காலத்தில் பொது நூலகம் தேவையா என்பது ஒன்று. அதற்குச் செலவாகும் வரிப்பணத்தில் ஆளுக்கொரு மின்னூல் சந்தா எடுத்துக் கொடுத்துவிட்டால் போதாதா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமான கேள்வி. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

புத்தக வாசனை, தாளைப் புரட்டும் சுகம், நூலகத்தின் நிசப்தம் ஆகியவற்றை வைத்து நூலகத்துக்காக வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழைய புத்தகத்தின் வாசனை என்பது தாள் மக்கிக்கொண்டிருப்பதன் வாசனை. நானே பாதிக்கு மேல் மின்னூலாகத்தான் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், இரவில் விளக்கு வேண்டாம், பயணத்தில் சுமை இல்லை. வாசனைக்காகப் பொதுப் பணத்தில் கட்டடம் கட்டுங்கள் என்றால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். நூலகம் வேண்டும் என்பதற்கு அதைவிட உறுதியான காரணங்கள் இருக்கின்றன. புத்தகம் யாருடைய சொத்து என்பது அவற்றில் முதலாவது.

அச்சுப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினால் அது உங்களுடையது. படிக்கலாம், இரவல் தரலாம், விற்கலாம், பேத்திக்கு விட்டுச்செல்லலாம். பதிப்பாளர் குறுக்கே வர முடியாது. ஒரு பிரதி முதல் முறை விற்கப்பட்டதும் அதன் மறுவிற்பனையில் பதிப்பாளருக்கு இருக்கும் பிடி முடிந்துவிடுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. வேறு பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்களிலும் இதே கருத்து ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பொது நூலகம் என்ற ஏற்பாடு இந்தத் தரையில்தான் நிற்கிறது. ஒரு பிரதியை வாங்கி, அட்டை கிழியும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் அது கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

மின்னூலில் கதை வேறு. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலும் கையில் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், வாசகர்கள் காசு கொடுத்துக் கிண்டில் கருவியில் வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைத் தொலைவில் இருந்தபடியே அழித்தது. கடையில் அந்தப் பதிப்பை ஏற்றியவரிடம் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பழைய ஆவணங்களை அழித்துக்கொண்டே இருக்கும் ஓர் அரசைப் பற்றிய கதை அது; அழிப்பதற்கு வேறு நாவலா கிடைக்கவில்லை என்று ஊரே கேலி செய்தது. பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனால், விற்ற பொருளை வாங்கியவர் வீட்டுக்குள் நுழைந்து எடுத்துவர விற்றவரால் முடியும் என்பது அன்றைக்கு வெளிச்சமாகிவிட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் எதையும் அதன் பிறகு திறக்க முடியவில்லை. அப்போதும் பணம் திரும்பி வந்தது. புத்தகங்கள் போனவை போனவைதான்.

தனி வாசகருக்கே இப்படி என்றால் நூலகங்களின் பாடு இன்னும் மோசம். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்குத் தரும் மின்னூல் 26 முறை இரவல் போனதும் காலாவதியாகிவிடும், வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. அச்சுப் புத்தகமும் ஏறக்குறைய அத்தனை முறைக்குள் நைந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அதைவிடப் பல மடங்கு இரவல் போயும் கட்டுக் குலையாமல் இருக்கும் பிரதிகளை நூலகர்கள் சிலர் காணொளியில் எடுத்துக் காட்டினார்கள். 2019 நவம்பரில் மேக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போய், புதிய மின்னூல் வெளியான முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் தருவோம் என்று நடைமுறைப்படுத்தியது. பல லட்சம் பேர் வாழும் நகரமாக இருந்தாலும் அதன் நூலகங்கள் அனைத்துக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். நூலகங்கள் கொதித்தெழுந்தன. சில அந்தப் பதிப்பகத்தின் மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் மேக்மில்லன் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நீங்களோ நானோ தனியாகப் பதிப்பகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு தானியங்கிப் பதில் வந்திருக்கும், அவ்வளவுதான். வாசகர்கள் சார்பில் மொத்தமாக வாங்குகிறவர், வாங்க மறுக்கவும் முடிகிறவர் ஒருவர் இருந்ததால்தான் பேரம் நடந்தது. மின்னூல் பெருகப் பெருக இந்த வேலை நூலகத்துக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அடுத்தது, இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் எட்டாமல் போய்விட்டன. யாரும் சதி செய்து அழித்ததாக நினைக்க வேண்டாம். தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்திருப்பார்கள், நிறுவனம் கைமாறியிருக்கும், தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் செத்திருக்கும். எழுதியவர் இறந்திருப்பார், கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். பழையதைக் காத்துவைப்பது இணையத்தில் யாருடைய வேலையும் இல்லை. அந்த வேலையைத் தாமாக ஏற்றுச் செய்யும் சில அமைப்புகள் இருக்கின்றன. அவையும் தங்களை நூலகம் என்றே அழைத்துக்கொள்கின்றன.

நூலகம் மட்டும் அசைக்க முடியாததா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். இல்லைதான். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஒரு கும்பல் முடக்கிப் பணயத்தொகை கேட்டது. நூலகம் தரவில்லை. நூல் பட்டியல் மீண்டும் இணையத்தில் தேடக் கிடைத்தது 2024 ஜனவரியில்தான், அதுவும் முழு வசதிகளோடு இல்லை. புத்தகங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் படுத்துவிட்டதால் கிடங்கில் இருந்த பலவற்றை வாசகர் கையில் எடுத்துத்தர முடியவில்லை. டிஜிட்டலை எதிர்ப்பவர்கள் இந்தச் சம்பவத்தைச் சொல்லி மகிழ்வதுண்டு. எனக்கு அது இரு பக்கமும் வெட்டுவதாகத் தெரிகிறது. தாள் பிழைத்தது உண்மை. பட்டியல் இல்லாத தாள் கிடங்குச் சரக்காகிவிடும் என்பதும் உண்மை.

பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2025 மே மாதம் ஷிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பு ஒன்றில் கோடை விடுமுறையில் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வந்தது. அதில் இருந்த 15 நூல்களில் 10 உலகத்திலேயே இல்லாதவை. எழுத்தாளர்களின் பெயர்கள் உண்மை, நூல்களும் கதைச் சுருக்கமும் செயற்கை நுண்ணறிவு கற்பித்தவை. சரிபார்க்காமல் அச்சுக்குப் போய்விட்டது. நூலகப் பட்டியலில் ஒரு தலைப்பு இருந்தால் அது ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, பக்கம் எண்ணி, வகைப்படுத்திப் பதிந்த நூல். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், இருப்பது எது, இருப்பதுபோல் தோன்றுவது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் தேவைப்படும் காலத்துக்கு வந்துவிட்டோம். குறிப்புதவி மேசையில் இருப்பவரிடம் அரைகுறையாக ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நல்ல நூலகர் உடனே பதில் சொல்ல மாட்டார், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். தேடுபொறி அப்படிக் கேட்பதில்லை. தட்டியதை வைத்து எதையாவது கொட்டிவிடுகிறது.

‘எல்லோரும்’ கைப்பேசியில் படிக்கிறார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. உலகில் சுமார் 260 கோடி பேர் இணையத்துக்கு வெளியே இருப்பதாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் மதிப்பிட்டது. அவர்களை விடுங்கள், கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கோ வேலைக்கோ ஒரு நீண்ட விண்ணப்பத்தை உள்ளங்கை அகலத் திரையில் நிரப்பிப் பாருங்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்க வேண்டும். கையெழுத்தைத் தனிக் கோப்பாக ஏற்ற வேண்டும். பாதியில் நேரம் முடிந்து முதல் பக்கத்துக்கே போய்விடும். நான் போகும் நூலகத்தில் நாவல் அடுக்குகளைவிடக் கணினிகளுக்குப் பக்கத்தில்தான் கூட்டம். அச்சு எடுக்க வருகிறவர்கள், மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தவர்கள், பேரன் போட்டுக்கொடுத்த கணக்கைத் திறக்கத் தெரியாத பெரியவர்கள். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் கவுன்ட்டர்களைக் குறைத்துச் சேவைகளை இணையத்துக்கு மாற்றும்போது, உதவும் வேலை சத்தமில்லாமல் நூலக ஊழியர் தலையில் வந்து விழுகிறது. அதற்கு அவருக்குக் கூடுதல் சம்பளமும் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்கள் என்ன படிக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், எதைக் கோடிட்டீர்கள் என்பதெல்லாம் மின்னூல் கடைக்குத் தெரியும். நூலகத்தில் அடுக்கிலிருந்து எடுத்து அங்கேயே உட்கார்ந்து படித்தால் ஒருவருக்கும் தெரியாது. நோயைப் பற்றியோ விவாகரத்தைப் பற்றியோ கடனைப் பற்றியோ படிக்கிறவருக்கு இதன் அருமை தெரியும். நூலகர்கள் இதைத் தொழில்நெறியாகவே வைத்திருக்கிறார்கள். 2005இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரங்களைக் கேட்டு எஃப்.பி.ஐ. கடிதம் அனுப்பியது. அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்ற தடை வேறு. நான்கு நூலகர்கள் கொடுக்க மறுத்து நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு எஃப்.பி.ஐ. பின்வாங்கியது. இதே கோரிக்கை ஒரு செயலி நிறுவனத்துக்குப் போயிருந்தால் நமக்குத் தெரியவே வந்திருக்குமா என்பது என் ஐயம்.

நூலகங்கள் இன்று இருக்கும் நிலையில் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் நேரத்தில் பூட்டிவிடும் நூலகம், யார் கேட்டார்கள் என்றே தெரியாத நூல்களைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கும் நூலகம், கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துத் தூசியைப் பாதுகாக்கும் நூலகம் என்று எத்தனையோ உண்டு. எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரானவர் அவர். அந்த ஒரு வரியை வைத்து ஆய்வு செய்தாலே பல நூலகங்கள் தேறாது. ஐந்தாவது விதியில் அவர் நூலகத்தை வளரும் உயிரி என்றார். 2018இல் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் திறந்த ‘ஓடி’ என்ற பெயருள்ள நூலகத்தில் புத்தக அடுக்குகள் முக்கியமாக மேல்தளத்தில்தான். மற்ற தளங்களில் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சுப்பொறிகள், இசைப் பதிவு அறைகள். இதைப் பார்த்து இதுவா நூலகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சொந்தமாக வாங்க முடியாத ஒன்றைப் பொதுவில் வாங்கிப் பகிர்வதுதான் நூலகத்தின் வேலை என்றால், அந்தப் பொருள் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எழுத்தாளர் வயிற்றில் அடிக்கிறது நூலகம் என்று சிலர் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. நூலகத்தின் வழியே படிக்கப்படும் நூல்களுக்காக எழுத்தாளர்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து தொகை தரும் திட்டத்தை டென்மார்க் 1946இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டன் 1979இல் அதற்குச் சட்டம் இயற்றியது. வேறு பல நாடுகளும் பின்பற்றுகின்றன. மற்ற நாடுகளும் செய்யலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நூலகப் பணத்தில் எல்லோருக்கும் சந்தா.

முதல் ஆண்டு பிரமாதமாக இருக்கும். லட்சக்கணக்கான தலைப்புகள், வரிசையில் நிற்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கும் தொல்லை இல்லை. இரண்டாம் ஆண்டு சில பதிப்பகங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விலகும்; நீங்கள் பாதி படித்த நூல் காணாமல் போகலாம். நூலகங்கள் கலைக்கப்பட்டுவிட்டதால், மூன்றாம் ஆண்டு நிறுவனம் கட்டணத்தை உயர்த்தும்போது வேறு போக்கிடம் இருக்காது. பிறகு ஏதோ ஓர் ஆண்டில் அரசுக்கு நிதி நெருக்கடி வரும். எந்த நாட்டிலும் வரும். அன்றைக்குச் சந்தாத் தொகை கட்டவில்லை என்றால் மறுநாள் காலையில் ஒரு பக்கம்கூடத் திறக்காது.

அதே நெருக்கடி ஒரு நூலகத்துக்கு வந்தால் அந்த ஆண்டு புது நூல்கள் வராது, வேலை நேரம் குறையும், மின்விசிறி பழுதானால் பழுதாகவே கிடக்கும். ஏற்கெனவே வாங்கியவை அடுக்கில் இருக்கும், இரவலும் போய்க்கொண்டிருக்கும். எனவே சந்தா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதையும் நூலகமே வாங்கட்டும், பல நூலகங்கள் இப்போதே வாங்குகின்றன. உங்கள் உறுப்பினர் அட்டையிலேயே அது சேர்ந்திருக்கவும் கூடும். அடுத்த முறை போகும்போது மேசையில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய நூல் இல்லையென்றால் வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கவும் வழி இருக்கும். அதையும் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.