காற்றில்லாத ஊரில் காற்றாலைப் படிப்பா?

ஓ லெவல் முடித்த உங்கள் மகள் காற்றாலைத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள், சிங்கப்பூரில் அதற்கு வேலை ஏது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். இங்கே காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. பெரிய காற்றாலைகளுக்கு 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் பாதியானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் இங்கே பெரிய காற்றாலைகள் வரப்போவதில்லை.

ஆனால் அவள் வரைந்து அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. 2000 முதல் நாடுவாரியாக நிறுவுதிறனை, அதாவது நிறுவிய காற்றாலைகள் அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்திறனை, கோடு போட்டிருக்கிறாள். முதலில் ஜெர்மனி, 2008இல் அமெரிக்கா, 2010இல் சீனா என்று முன்னிலை கைமாறுகிறது. டென்மார்க்கின் கோடு அடியிலேயே கிடக்கிறது. அந்த டென்மார்க்கில்தான் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது!

நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. 100 மெகாவாட் காற்றாலைகள் ஆண்டு முழுக்க முழுவேகத்தில் சுழன்றால் 876,000 மெகாவாட் மணி கிடைக்கும். 35 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 306,600. 2010இல் சீனா திறனில் முந்தியும், உற்பத்தியில் அமெரிக்காவே சில ஆண்டுகள் முன்னால் இருந்தது. சீனாவில் காற்றாலைகளை நட்ட வேகத்துக்கு மின்தடங்கள் போடப்படாததே இதற்கு முக்கியக் காரணம். மாதக் கணக்கையும் அவள் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் முப்பந்தல் காற்றாலைகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுதான் அறுவடைக்காலம். ஆண்டு மொத்தத்தில் இது தெரியாது.

வேலை இருப்பதும் திறனுக்கும் உற்பத்திக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான். காற்று அடிக்கும்போது வரும் மின்சாரத்தைத் தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். வியட்நாமின் கடல் காற்றாலைகளிலிருந்து 1.2 கிகாவாட் இறக்குமதி செய்யும் திட்டத்துக்குச் சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் 2023இல் நிபந்தனையுடன் ஒப்புதல் தந்தது. கடலடிக் கேபிள், துணைமின் நிலையம், காற்றாலை நிறுவும் கப்பல் என்று நம் கப்பல் பட்டறைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே பதினாறு வயதில் ‘காற்றாலை’ என்று பெயர் போட்ட குறுகிய படிப்பைத் தேட வேண்டாம். பலதுறைத் தொழிற்கல்லூரி என்றால் மின்பொறியியல். கடல் பிடித்திருந்தால் கடல்சார் பொறியியல். தொடக்கக் கல்லூரி என்றால் கணிதத்தையும் இயற்பியலையும் விடக் கூடாது. தரவுகளைக் கையாளும் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது, நிரலாக்கமும் சேர்ந்தால் நல்லது. அப்புறம், கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்கு அவளோடு நீங்களும் போங்கள். மாணவர்களை எந்த நிறுவனங்களுக்கு வேலைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.