ஓடாத ‘ரன்’

கேள்வி: ‘ரன்’ என்றால் ஓடு என்றுதான் படித்தோம். கடையை ‘ரன்’ செய்கிறார், துணிச்சாயம் ‘ரன்’ ஆகிறது என்றெல்லாம் வருகிறதே, எப்படிப் பிரித்தறிவது?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். செயப்படுபொருள் இல்லையென்றால் எழுவாயே ஓடும்: ஆள், ஆறு, பேருந்து, ஜலதோஷம் பிடித்த மூக்கு. சாயம் போவதும் இந்த வகைதான். செயப்படுபொருள் வந்தால் பெரும்பாலும் நடத்துவது, இயக்குவது: ‘ரன் எ ஷாப்’, ‘ரன் எ டெஸ்ட்’. ‘ரன் எ ஃபீவர்’ போன்ற விலக்குகளும் உண்டு. காய்ச்சலை யாரும் நடத்துவதில்லை, அது அடிக்கிறது.

‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ போன்ற சொற்கள் பின்னால் சேரும்போதுதான் வம்பு. ‘ஐ ஹாவ் ரன் அவுட் ஆஃப் சுகர்’ என்றால் என்னிடம் சர்க்கரை தீர்ந்துவிட்டது. இதில் ‘ஆஃப்’ கட்டாயம். சர்க்கரையே எழுவாயானால், ‘த சுகர் ஹாஸ் ரன் அவுட்’ போதும். ‘ரன் இன்டு’ தற்செயலாகச் சந்திப்பது, ‘ரன் ஓவர்’ வண்டியை ஏற்றுவது. மாற்றிச் சொன்னால் போலீஸ் வரும்! ‘ஹிம்’ நிற்கும் இடமும் மாறும்: ‘ரன் இன்டு ஹிம்’, ஆனால் ‘ரன் ஹிம் ஓவர்’.

தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்வார். பிரிட்டிஷார் ‘ஸ்டாண்ட்’ செய்வார்.

கேள்வி: ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உள்ள சொல் இதுதானா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’. பிந்தைய திருத்தத்தில் ‘ரன்’ முந்திவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். அத்தனையும் தேவையில்லை. ‘ஹாவ் ரேன்’ என்று எழுதாமல் ‘ஹாவ் ரன்’ என்று எழுதப் பழகுவது அதைவிட அவசரம்.