பாத எரிச்சலும் பி12 அளவும்: மருத்துவர் பதில்

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் எனக்கு வயது 58. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோலும் சாப்பிடுகிறேன். புரட்டாசி விரதமாகத் தொடங்கிய சைவ உணவு இப்போது ஆண்டு முழுவதும் தொடர்கிறது. சில மாதங்களாகப் பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போகும் உணர்வும் உள்ளன. இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 190, இரத்தசோகை இல்லை. இது குறைபாடுதானா? மாத்திரை போதுமா, ஊசி போட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 190 என்னும் எண். தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் வழக்கமாக லிட்டருக்கு இத்தனை பிக்கோமோல் என்னும் கணக்கில் அளவைக் குறிக்கின்றன. இந்தியாவில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம் என்னும் கணக்கு. அக்கணக்கில் உங்கள் அளவு ஏறத்தாழ 257 ஆகும் என்பதால், அங்குள்ள உறவினரின் அறிக்கையோடு இதை ஒப்பிட வேண்டாம். பிக்கோமோலில் சுமார் 150-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 220 வரை சந்தேகத்துக்குரியது என்றும் பொதுவாகக் கொள்கிறோம். நீங்கள் இந்த இடைப்பட்ட நிலையில் இருக்கிறீர்கள்.

இரத்தசோகை இல்லை என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. இந்நாட்டில் 2003 முதல் மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் ஃபோலிக் அமிலம் சட்டப்படி சேர்க்கப்படுகிறது, பி12 சேர்க்கப்படுவதில்லை. ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடக்கூடும். நரம்புச் சேதத்தையோ அது தடுப்பதில்லை. மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது; ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், உணவிலுள்ள பி12 புரதத்திலிருந்து சரியாகப் பிரிவதில்லை. ஒரு நாளைக்கு வேண்டிய 2.4 மைக்ரோகிராமில் ஒரு கோப்பைப் பால் ஏறத்தாழ பாதியைத் தரும் என்றாலும், இவ்விரு மருந்துகளுக்கும் நடுவே அதில் எவ்வளவு உடலில் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பாத எரிச்சல் சர்க்கரையாலும் வரும். உங்கள் மருத்துவர் நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நின்றது என்று கேட்பார். அதிர்வு உணர்வு இரு நோய்களிலும் மங்கும் என்பதால் அது மட்டும் தீர்ப்பாகாது. முகம் கழுவக் கண்களை மூடும்போது தள்ளாட்டம் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். முதுகுத்தண்டு நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்த சோதனை மெத்தில்மலோனிக் அமிலம்; உயிரணுக்களுக்குள் பி12 போதாவிட்டால் அது உயரும். சிறுநீரகம் தளர்ந்தாலும் அது உயரும் ஆகையால், கிரியாட்டினின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறிஞ்சும் ஆற்றலே அழிந்துபோகும் நோயைக் கண்டறிய, இன்ட்ரின்சிக் ஃபாக்டர் (பி12 உறிஞ்சப்பட உதவும் வயிற்றுப் புரதம்) எதிர்ப்பொருள் சோதனையும் செய்யலாம். இவற்றுக்கான இரத்தத்தை முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஆனால் முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மருந்துக்கடையில் "சத்து ஊசி" போட்டுக்கொண்டு பிறகு சோதனைக்குச் செல்வது தலைகீழான வழி.

நரம்பு அறிகுறி இருப்பதால் உங்களுக்கு நான் ஊசியையே முதலில் தேர்ந்தெடுப்பேன்: 1000 மைக்ரோகிராம், முதல் சில வாரங்களுக்கு அடிக்கடி, பின்னர் இடைவெளி விட்டு. அறிகுறி இல்லாதவர்களுக்கு, அன்றாடம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே பெரும்பாலும் போதும். ஏனெனில் உறிஞ்சும் ஆற்றல் குன்றியவர்களிடத்திலும் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு குடற்சுவர் வழியே தானாகவே கசிந்து சேர்கிறது. நிலைமை சீரான பின் நீங்களும் மாத்திரைக்கு மாறலாம். நரம்புக்கென விற்கப்படும் கூட்டு மாத்திரைகளில் பி6 அதிகமாக இருந்தால், நாள்பட அதுவே எரிச்சலை உண்டாக்கும். அட்டையைப் படித்துப் பாருங்கள்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்; ஒமெப்ரசோல் இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். நரம்பு மெதுவாகத்தான் தேறும், மாதங்கள் ஆகலாம். தொடக்கத்தில் எரிச்சல் சற்று கூடுவதும் உண்டு. ஊசி போடும் காலத்தில் பி12 அளவு எப்படியும் உயர்ந்தே இருக்குமாதலால், அதை மறுபடி மறுபடி அளப்பது வீண்செலவு. பாதம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் மருத்துவர் கேட்பார்.