அலாய் மாற்றினேன், கார் தூக்கிப் போடுகிறது!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தினமும் அரியாங்குப்பத்திலிருந்து கடலூருக்குக் காரில் சென்று வருகிறேன். வாங்கியபோது காரில் இரும்பு வீலும் 185/65 ஆர் 15 டயரும் இருந்தன. சில மாதங்களுக்கு முன்பு 17 அங்குல அலாய் வீலும் 205/45 ஆர் 17 டயரும் போட்டேன். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் சிறு பள்ளத்துக்கும் தூக்கிப் போடுகிறது. இடுப்பு வலி உள்ள அப்பா பின் சீட்டில் உட்காரவே மறுக்கிறார். கடையில் கேட்டால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது, நான்கையும் மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். உங்கள் காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டயரின் பக்கச்சுவரை.

185/65 ஆர் 15 என்ற அளவில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்; அதாவது 120 மி.மீ. கடைசியில் வரும் 15 என்பது டயர் மாட்டும் உலோக ரிம்மின் விட்டம், அங்குலத்தில். புதிய டயரில் 205-இல் 45 சதவீதம் என்றால் 92 மி.மீ.தான் வருகிறது. மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் பழையது சுமார் 621 மி.மீ., புதியது சுமார் 616 மி.மீ.; ஒரு சதவீதம்கூட வேறுபாடு இல்லை. அதனால் ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடவில்லை, மட்கார்டிலும் உரசவில்லை. 'அளவு கச்சிதமாகப் பொருந்தும், சார்' என்று கடையில் சொல்லியிருப்பார்கள்; அது பொய்யும் அல்ல. ஆனால் அதே விட்டத்துக்குள் ரிம் இரண்டு அங்குலம் பெருத்திருக்கிறது என்றால், அந்த இடத்தை ரப்பரும் காற்றும் விட்டுக்கொடுத்திருக்கின்றன என்றுதான் பொருள். சக்கரத்தைச் சுற்றி 28 மி.மீ., ஏறக்குறைய கால் பங்கு உயரம், இப்போது உலோகமாகிவிட்டது.

இந்த 28 மி.மீ. ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சாலையில் வரும் அடிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகத்தடை, சாலை தாழ்ந்து எழும் இடம் போன்ற நீண்ட மேடு பள்ளங்களைச் சமாளிப்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். பாலத்து இணைப்பு, பெயர்ந்த தாரின் விளிம்பு, சந்திப்புகளுக்கு முன்னால் சாலையின் குறுக்கே வரிவரியாகப் பூசியிருக்கும் தடித்த வெள்ளைப் பட்டைகள் ஆகியவற்றின் கூர்மையான சிறு அடிகளை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் டயர். அந்த அடி ஸ்பிரிங்குக்குத் தெரிவதற்கு முன்பே பக்கச்சுவர் வளைந்து, உள்ளிருக்கும் காற்று சற்று அமுங்கி, மீண்டும் நிமிர்ந்துவிடும். பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் வளைவதற்கு இடம் இல்லை. முழங்காலை மடக்காமல் படி இறங்குகிறவருக்கு ஒவ்வொரு படியும் இடுப்பில் தெரிவதைப் போல, ஒவ்வொரு பட்டையும் சீட்டுக்கு வந்து சேருகிறது.

இதை வைத்தே நீங்கள் பாதி நோயறிந்துவிடலாம். ரெட்டிச்சாவடி தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போது இணைப்புகளில் 'டக், டக்' என்று வறட்டு அடி கேட்டு, ஆனால் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியதும் கார் ஒரே அசைவில் அடங்கிவிட்டால், குறை டயரில் இருக்கிறது. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால், அல்லது ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் கசிந்து அதன் மேல் மண் அப்பியிருந்தால், அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம். கேட்டாலும் நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய அவசியம் பொதுவாக வராது. முன்னால் இரண்டு அல்லது பின்னால் இரண்டு என்று ஜோடியாக மாற்றுவதே வழக்கம்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனைக்குச் செலவே இல்லை. பழைய இரும்பு வீல்களை விற்காமல் வைத்திருந்தால், டயர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, அவற்றையே மாட்டிக்கொண்டு ஒரு வாரம் அதே சாலையில் ஓட்டுங்கள். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று நீங்கள் தினமும் போகும் வழிதான். எந்த இடத்தில் எந்தப் பள்ளம் என்று உங்கள் உடம்புக்கே தெரியும். பழைய சுகம் திரும்பிவிட்டால் ஷாக் அப்சார்பருக்கான பணம் மிச்சம். வீல் மாற்றும்போது நட்டை மட்டும் கவனியுங்கள்: சில கார்களில் இரும்பு வீலுக்கு ஒரு வகை நட்டும் அலாய்க்கு வேறு வகை நட்டும் உண்டு.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, காற்றழுத்தம். அகலமான டயர் என்றாலும் 205/45 அளவுக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு குறைவு. அதே பாரத்தைத் தாங்க அதில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டினால் இறுக்கம் மேலும் கூடும். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். 185/65 ஆர் 15 டயரில் அது பெரும்பாலும் 88 என்றிருக்கும். ஒரு டயர் அதிகபட்சமாக 560 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். 205/45 ஆர் 17-இன் சாதாரண வகையில் அது 84, அதாவது 500 கிலோ. கூடுதல் பாரத்துக்காகச் செய்து எக்ஸ்.எல். என்று அச்சிட்ட வகையில் 88 கிடைக்கும், ஆனால் அதன் உடல் இன்னும் விறைப்பாக இருக்கும். கம்பெனி போட்டுத் தந்த டயரைவிடத் தாங்குதிறன் எண் குறைந்த டயரைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குலுக்கலைக் குறைக்கலாம் என்று எண்ணிக் காற்றை இறக்கிவிடவும் கூடாது. குட்டைச் சுவர் டயரில் காற்றும் குறைந்தால், அடுத்த பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும். உள்ளே நூல் அறுந்து பக்கவாட்டில் முட்டை அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும் டயர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வீணாகின்றன. அந்தப் புடைப்புக்கு வைத்தியம் இல்லை. டயரைக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

இரண்டாவது, எடை. அலாய் என்றாலே இலேசு என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. ஒரே அளவில் நன்றாகச் செய்த அலாய் இலேசாக இருக்கலாம். ஆனால் விலை குறைந்த, அச்சில் வார்த்த 17 அங்குல அலாய் உங்கள் பழைய 15 அங்குல இரும்பு வீலைவிடக் கனமாக இருப்பது மிகவும் சாதாரணம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், பள்ளத்தில் இறங்கி ஏறும் சக்கரத்தை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குக் கடினமாகிறது. எடை மேடை உள்ள கடையில் இரண்டையும் டயரோடு ஏற்றிப் பாருங்கள்.

17 அங்குல வீல் கண்ணுக்கு அழகு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இடுப்பு வலிக்காரர் ஒருவர் இருக்கிறார். அலாய்தான் வேண்டும் என்றால் 15 அங்குல அலாயைத் தேடி, 185/65 டயரையே அதில் போடுங்கள். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் 16 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு 195/55 ஆர் 16 போடலாம். பக்கச்சுவர் 107 மி.மீ. கிடைக்கும், விட்டமும் 621 மி.மீ.தான். மாருதி பலேனோவில் கம்பெனியே விலை குறைந்த வகைகளுக்கு 185/65 ஆர் 15-ஐயும் உயர்ந்த வகைகளுக்கு 195/55 ஆர் 16-ஐயும் பொருத்தித் தருகிறது. கம்பெனிப் பொறியாளர்களே ஓர் அங்குலத்தோடு நின்றுகொண்ட இடத்தில் நாம் இரண்டு அங்குலம் தாண்டுவானேன்?

கேள்வி: என் காருக்கும் 185/65 ஆர் 15 தான். ரிம்மை மாற்றாமல் 195/65 ஆர் 15 போட்டால் சொகுசு கூடும் என்கிறார் நண்பர். உண்மையா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஓரளவு உண்மை. பக்கச்சுவர் 120-லிருந்து 127 மி.மீ. ஆகிறது, கார் தரையிலிருந்து 6 மி.மீ. உயர்கிறது, காற்றின் கொள்ளளவும் கூடுகிறது. விட்டம் 2 சதவீதம் பெரிதாவதால், மீட்டரில் 100 காட்டும்போது முன்பைவிட 2 கி.மீ. வேகமாகச் செல்வீர்கள். விட்ட வேறுபாடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது டயர்க் கடைகளின் பொதுவான கணக்கு. அதற்குள் இது அடங்குகிறது. 205/65 ஆர் 15 வரை போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். டயரை மாட்டியதும் கடையிலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, உள் மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். எடுப்பும் மைலேஜும் சிறிதளவு குறையும்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரே அளவிலேயே டயருக்கு டயர் சொகுசு மாறும். வளைவில் பிடிப்புக்காகச் செய்த டயரின் பக்கச்சுவர் விறைப்பாகவும், குடும்பக் காருக்காகச் செய்தது இளக்கமாகவும் இருக்கும். வயதும் முக்கியம்: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பகுதி தேயாமல் நன்றாக இருந்தாலும் வெயிலில் கிடந்து கிடந்து ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். உங்கள் டயருக்கு ஏழெட்டு வயதாகிவிட்டிருந்தால், அதே 185/65 அளவில் புதிய டயர் போட்டாலே நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அலாய் போட்டதிலிருந்து 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. இரண்டு கடைகளில் பேலன்சிங் செய்தும் போகவில்லை.
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வீலின் எடையைச் சமன்படுத்தும் பேலன்சிங் எந்திரத்தில் சரியாகச் சுற்றும் வீல், காரில் நடுங்கினால், வீல் காரின் ஹப்பில், அதாவது வீலை மாட்டும் நடுப்பகுதியில், நடுவாக உட்காரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். வெளிச்சந்தை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடுத் துளையைப் பெரிதாக வைத்தே செய்யப்படுகின்றன. கம்பெனி வீலில் அந்தத் துளை ஹப்பின் மீது இறுக்கமாக அமரும். இதில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. உங்கள் ஹப்பின் விட்டத்தையும் அலாயின் துளையையும் அளந்து, இரண்டுக்கும் பொருந்தும் வளையமாக வாங்குங்கள். பிறகு காரை ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்று என்ற வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, கீழே இறக்கியபின், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள். நூறு கி.மீ. ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகும் நடுங்கினால் ரிம்மே கோணியிருக்கலாம். ஸ்டியரிங்கில் நடுக்கம் என்றால் முன் வீல், சீட்டில் நடுக்கம் என்றால் பின் வீல் என்று பொதுவாகக் கொள்ளலாம். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி தானே இடம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் கார் மென்மையாக ஓடுமா?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஓடாது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சொகுசைத் தீர்மானிப்பது அழுத்தம். அது எந்த வாயுவால் வந்தது என்பது உங்கள் இடுப்புக்குத் தெரியாது. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டவணையைப் பார்த்து, டயர் சூடேறும் முன், காலையில் காற்றைச் சரிபாருங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. அலாய் வீல்களில் வாரம் நான்கைந்து பி.எஸ்.ஐ. இறங்கிவிடுகிறது. பஞ்சர் எதுவும் இல்லை என்கிறார்கள்.
– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உப்புக் காற்று செய்யும் வேலையாக இருக்கலாம். ரிம்மின் பூச்சு உரிந்த இடத்தில் அலுமினியம் பொரிந்து வெள்ளை மாவாகப் பூத்துவிடும். டயரின் விளிம்பு அந்தச் சொரசொரப்பின் மேல் ஒட்டாமல் காற்றைக் கசிய விடும். பஞ்சர் கடையில் டயரில் மட்டும் சோப்பு நீர் தடவினால் இது தெரியாது. ரிம்மும் டயரும் சேரும் விளிம்பைச் சுற்றியும், வால்வின் அடியிலும் தடவச் சொல்லுங்கள். குமிழி வந்தால் டயரைக் கழற்றி, ரிம்மில் டயர் அமரும் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சீலர் பூசி மாட்ட வேண்டும். வால்வையும் அப்போதே மாற்றிவிடலாம். காற்று இறங்கிய நாட்களில் கார் மென்மையாக ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த மென்மையில் பக்கச்சுவர் சூடேறி வெந்துகொண்டிருக்கும்.

கேள்வி: வீல், டயர் அளவை மாற்றினால் ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே உங்கள் காரின் ஏதாவது ஒரு வகைக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் அளவுக்குள் நிற்பதே பாதுகாப்பு. அந்த அளவுகள் காரோடு வந்த கையேட்டில் இருக்கும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் வீல் வேண்டவே வேண்டாம். காப்பீட்டைப் பொறுத்தவரை, வெளியில் வாங்கிப் போட்ட அலாயைத் துணைக்கருவியாக அறிவித்து, அதற்குரிய பிரீமியத்தைச் செலுத்தியிருந்தால்தான் அதன் மதிப்புக்கு இழப்பீடு கோரலாம். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, அடுத்த புதுப்பித்தலின்போது பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.