டான்சில் ஆபரேஷன் முடிந்து தூங்கும் குழந்தையின் தொண்டையை நர்ஸ் ஏன் அடிக்கடி கவனிக்கிறார்?

டான்சில் என்பது தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் சதைத் திரட்சி. அதை எடுத்த இடத்தில் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. புண் திறந்தபடியேதான் ஆறும். அங்கே ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது, குழந்தை தூக்கத்திலேயே விழுங்கிவிடும். உதட்டில் சிவப்பே இருக்காது, ஆனால் தொண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். நர்ஸ் தேடுவது இதைத்தான். கூடவே நாடித்துடிப்பும் ஏறினால் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கத்தான். மாதுளை ஜூஸ், ரோஸ்மில்க் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: குழந்தை வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று தெரியாது.

முதல் 24 மணி நேரம்தான் அதிகக் கவனம். அப்புறம் வீட்டில், 5 முதல் 10 நாளுக்குள் இன்னொரு கட்டம் வரும். முழங்கால் சிராய்ப்பில் பொருக்கு உதிர்வதுபோல இங்கும் மேல்படலம் உதிரும்; அப்போது ரத்தம் வந்தால், கொஞ்சமாக இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர் குடிக்கப் பிள்ளை அழும்தான், பாவம். வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டு, மடக்கு மடக்காகக் குடிக்க வையுங்கள்.

தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சீழ் என்று பலர் பயப்படுகிறார்கள். அது புண் ஆறும்போது வரும் படலம், சுரண்டி எடுக்காதீர்கள்.