அரிசி வண்டிடம் வேப்பிலை ஏன் தோற்கிறது?

வாசகர் கேள்வி: 25 கிலோ புழுங்கல் அரிசி வாங்கி பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வைத்திருந்தோம். இரண்டு மாதத்தில் கறுப்பு வண்டு வந்துவிட்டது. மாடியில் காயவைத்து, புடைத்து, வேப்பிலையும் போட்டு வைத்தேன். மூன்று வாரத்தில் மறுபடியும் வண்டு. பாசிப்பயறிலும் ஓட்டை தெரிகிறது. மருந்து எதுவும் போட மனமில்லை. என்ன செய்யலாம்? இந்த அரிசியைச் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் புடைத்து விரட்டியது வெளியே திரிந்த வண்டுகளை மட்டும்தான். மூக்கு நீண்ட அந்தக் கூன்வண்டு அரிசியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு, கூட்டுப்புழு எல்லாம் அரிசிக்குள்ளேயே வளரும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை வண்டாகி வெளியே வர நான்கைந்து வாரம் ஆகும். நீங்கள் புடைத்த அன்று அரிசிக்குள் இருந்தவைதான் இப்போது வெளிவந்திருக்கின்றன.

வேப்பிலையின் மேல் தப்பில்லை. வேப்பிலை, நொச்சி, வசம்பு, மிளகாய் வற்றல் எல்லாமே வாசனையால் வண்டை அண்டவிடாமல் செய்பவை. அரிசிக்குள் இருக்கும் புழுவை அந்த வாசனை ஒன்றும் செய்யாது. அதனால் முதலில் உள்ளே இருப்பதைக் கொல்ல வேண்டும், பிறகு காற்றுப் புகாமல் மூட வேண்டும். இலைக்கு வேலை அதற்கப்புறம்தான்.

கொல்ல நிச்சயமான வழி ஃபிரீசர். அரிசியைச் சலித்து, கிலோ கிலோவாகக் கெட்டியான கவரில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த அரிசியில் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்க வழியாகிவிடும். அரை நாள் அப்படியே வெளியில் இருந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு இதற்குப் போதாது. அங்கே வண்டு பெருகாதே தவிர, உடனே சாகாது.

25 கிலோவும் ஃபிரீசரில் அடங்காது என்பது தெரியும். மீதிக்குத் தண்ணீர் பாட்டில் போதும். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் சுமார் ஒன்றரைக் கிலோ அரிசி பிடிக்கும். ஈரம் துளியும் இல்லாமல் பாட்டிலைக் காயவைத்து, தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு மாதம் திறக்காமல் வையுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனைப் பூச்சிகளே தீர்த்துவிட்டு மூச்சு முட்டிச் சாகும். பாதி நிரப்பினால் இது பலிக்காது, ஏனென்றால் மேலே நிற்கும் காற்றே அவற்றுக்குத் தாராளம். உங்கள் டிரம்மில் நடந்ததும் இதுதான். அளக்க அளக்க அரிசி இறங்கி, காற்று ஏறி, மூடியும் தினம் திறந்து மூடப்பட்டது. மெல்லிய பிளாஸ்டிக் கவரையும் நம்ப வேண்டாம், வண்டு ஓட்டை போட்டுவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் சும்மா பரப்பினால் சூடு தாங்காமல் வண்டு ஊர்ந்து ஓடும், நமக்கும் செத்தது போலத் தோன்றும். அது போய் ஒளிவது பெரும்பாலும் பக்கத்துச் சாக்கிலோ சுவர் இடுக்கிலோதான். பச்சரிசியைக் கடும் வெயிலில் போட்டால் வெடித்துக் குருணையாகும். புழுங்கல் ஓரளவு தாங்கும்.

பயறுக்கோ வெயில்தான் கைகண்ட வைத்தியம். பாசிப்பயறில் நீங்கள் பார்த்தது வேறு பூச்சி, பயறு வண்டு. முட்டையைப் பயறின் மேல்தோலில் ஒட்டிவிட்டுப் போகும். கூர்ந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வயலில் காய் முற்றும்போதே வந்து ஒட்டிக்கொள்வதால், கடையில் சுத்தமாகத் தெரிந்த பயறிலும் அது இருக்கலாம். மாடியில் சாக்கை விரித்து, அதன்மேல் கறுப்புத் துணி போட்டு, நன்றாகக் காய்ந்த பயறை ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே நிறமில்லாத பாலித்தீன் தாளை மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை 11 முதல் 3 மணி வரை போதும். உள்ளே 57 டிகிரி சூடு ஒரு மணி நேரம் நின்றால் பயறு வண்டின் எந்தப் பருவமும் பிழைக்காது. அடிச்சாக்கு இல்லாவிட்டால் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் கொட்ட வேண்டும். சூடோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் வரும். பலர் வீட்டில் காயவைத்த பயறும் கெட்டுப்போவது இந்த அவசரத்தால்தான்.

ஆறிய முழுப்பயறில் கிலோவுக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 5 மில்லி, விளக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுப் பிசறி வைத்தால் புதிதாக ஒட்டும் முட்டை பொரிக்காது. எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைத்துவிடும். துவரைக்கு நம் வீடுகளில் விளக்கெண்ணெய் தடவியது இதற்காகத்தான். சமைக்கும்போது வெந்நீரில் ஒருமுறை கழுவினால் எண்ணெய் போய்விடும்.

இனி வேப்பிலைக்கு வருவோம். பச்சையாகப் போடாதீர்கள். இலையின் ஈரம் அரிசிக்குப் போகும். நிழலில் நொறுங்கும் அளவுக்குக் காயவைத்து, ஐந்து கிலோவுக்கு ஒரு கைப்பிடி, மெல்லிய துணியில் முடிந்து நடுவிலும் மேலுமாக வையுங்கள். துணியில் கட்டாமல் போட்டால் பொடியாகி, சோறு கசக்கும். வசம்பையும் துண்டாக, துணியில் கட்டித்தான் வைக்க வேண்டும். விதைக்குப் பொடியாகத் தூவுவது உண்டு, உண்ணும் தானியத்தில் வேண்டாம். வாசனை போய்விட்டால் மாற்றுங்கள், மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்று உண்டு. துளைகள் போட்ட குழாயை அரிசிக்குள் சொருகி வைப்பார்கள். காற்றைத் தேடி வண்டு துளை வழியே உள்ளே போய், அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும். வளர்ந்த வண்டு மட்டுமே சிக்கும் என்றாலும், தொல்லை தொடங்குவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

போரிக் பவுடர் கலந்து வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். கழுவினாலும் முழுதாகப் போகுமென்ற உறுதியில்லை, வேகவைத்தாலும் அழியாது. பாச்சை உருண்டையும் தானியத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு வரும், அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது.

அரிசியைச் சாப்பிடலாம். சலித்து, புடைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். கூன்வண்டு நஞ்சில்லை, துளைத்த அரிசியில் சத்தும் ருசியும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் பூஞ்சண வாடை அடித்தாலோ, நிறம் மாறிக் கட்டி கட்டியாக இருந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். பூஞ்சண நஞ்சு வேகவைத்தால் போகாது. மைதா, கோதுமை மாவில் செம்பழுப்பு வண்டு நிறைந்து, மாவு லேசாக இளஞ்சிவப்பேறிக் கெட்ட வாடை அடித்தால் அதையும் சலித்து மிச்சப்படுத்த வேண்டாம்.

டிரம்மை மறுபடி நிரப்புமுன் மூடியின் மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அடியில் மிஞ்சிய பழைய அரிசியின் மேல் புது மூட்டையைக் கொட்டாதீர்கள். மழைக்காலத்தில் அரிசி ஈரம் இழுக்கும், வண்டும் வேகமாகப் பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் 25 கிலோ மூட்டைக்குப் பதில் மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.